வீட்டுப்பாடம்

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை,
செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே கால்.
வாசலில் கழற்றிப்போட்ட பூட்ஸுகளிலிருந்து
உருகும் நீர் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேரும்.

ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.
ஏழாவது ஆள் கையை நீட்டினால்
ஹீட்டரில் இடிக்கும்.

மேரிவிக், இரவுப்பணி நர்ஸ், படுத்ததும் தூங்கிவிடுவாள்.
பெஹ்ரூஸ், பீட்சா அடுப்பின் முன்
பதினோரு வருடம் குனிந்தவர்.
டெரிலுக்கு ஒரு முழங்கால் உலோகம்.
வாயே திறக்காத ஒரு தம்பதி,
விரிப்புகளை மட்டும் ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள்.
பிறகு நான். நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று
சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

முதல் நாள் ஜோடி ‘தாடாசனம்’ என்றதும்
ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின,
இதையெல்லாம் படித்துவிட்டே பிறந்தவள் போல.
எனக்குத் தெரிந்த ஆசனம் ஒன்றுதான்,
ஓட்டுநர் ஆசனம்.
குனிந்தேன். விரல்நுனி
முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்று
‘இதற்கு மேல் பஸ் போகாது’ என்றது.

ஜோடிக்கு இருபத்தொன்பது வயது.
ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரே பேச்சு:
‘இங்கே வந்து வழி பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.
நடப்பது வீட்டில்தான்.
தினமும் ஏழு நிமிடம் போதும்.’

ஏழு நிமிடம்.
வீட்டில் விரிப்பை விரித்தால்
ஒரு முனை ஃப்ரிட்ஜில் ஏறும்,
இன்னொன்று மேசைக்கடியில் போகும்.
கண்ணை மூடினால் குக்கர் கூப்பிடும்.
மூன்றாவது விசிலா நான்காவதா என்ற குழப்பத்தில்
எந்த மூச்சை எண்ணுவது?
செய்தீர்களா என்று கேட்டாள்.
செய்தேன் என்றேன்,
டிக்கெட் எடுக்காமல் ஏறும் பையன்கள்
கண்ணாடியில் என்னைப் பார்க்கும்
அதே முகத்தோடு.

சவாசனம்.
மற்றவர்களுக்கு அது மெத்தென்ற ஒரு சொல்.
எனக்கு மட்டும் அதற்குள் சவம் கிடக்கிறது.
பெருவிரல்கள் இரண்டையும் யாரோ
வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார்களோ என்று
ஒவ்வொரு முறையும் லேசாக ஆட்டிப் பார்ப்பேன்.
ஜோடி பார்த்திருக்கிறாள். திருத்தியதில்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி.
டிப்போவில் எல்லாருக்கும் மேகி.
மூன்று வாரம் ஜோடி ‘மங்’ என்று தொடங்கி
சிரித்து நிறுத்திக்கொண்டாள்.
நான்காவது செவ்வாய்,
புஜங்காசனத்தில் பாம்பாகாமல்
மண்புழுவாகக் கிடந்தபோது
தலைக்கு மேலே கேட்டது:
‘மங்கையர்க்கரசி, தோளைக் காதிலிருந்து இறக்குங்கள்.’

நடுவில் ‘யர்க்க’ என்றொரு வேகத்தடை உண்டு.
தட்டாமல் ஏறி இறங்கியிருந்தாள்.
எப்படி என்றேன்.
‘பாத்திரம் கழுவும்போது, தினமும்.
ஏழு நிமிடம்கூட ஆகாது.’

அன்று காரைக் கிளப்பாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியில் உறைந்திருந்ததைச்
சுரண்டத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நாலே முக்கால்.
விரிப்பு ஃப்ரிட்ஜில் ஏறியபடியே கிடக்கட்டும்.
மடிப்புக்குள் நின்றேன். கையைத் தூக்கினேன்.
அடுத்து என்ன? மறந்துவிட்டது.
ஜோடியின் குரலைத் தேடினால்
நிறுத்தங்களை அறிவிக்கும் என் குரல்தான் வந்தது:
‘அடுத்து, இடது தோள்.
இறங்குபவர்கள் மெதுவாக இறங்கவும்.’
இடது தோள் இறங்கியது.

படுத்தபோது தலை மேசைக்கடியில்.
அங்கே பலகையில் இன்னும் விலைச்சீட்டு,
நாற்பது டாலர், பாதி கிழிந்தது.
ஒன்பது வருடம் இதன்மேல்தான் சாப்பிட்டிருக்கிறோம்.

ஐந்தாவது நிமிடம் ஷிஃப்ட் அலாரம்.
இரண்டு நிமிடம் பாக்கி.

முதல் நடை முடிந்து கடைசி நிறுத்தம்.
இருக்கைகள் காலி. கதவு சாத்தியிருக்கிறது.
நடைபாதையில் பாதங்களைச் சேர்த்து
கம்பியைத் தொடாமல் நின்றேன்.
எஞ்சின் உள்ளங்காலில் உறுமிக்கொண்டிருந்தது.
வெளியே கம்பளிக் குல்லாயில் ஒருவர்
தட்டுவதற்குத் தூக்கிய கையை
அப்படியே வைத்துக்கொண்டு
பார்த்துக்கொண்டிருந்தார்.