ஒற்று

விடிய மூன்றரை.
கீழே போன் கடை பூட்டிக் கிடக்கிறது.
என் ஒற்றை அறைக்குப் பதினேழு படி.
ஒன்பதாவதில் நின்றுவிட்டாள் பொம்பிளை,
சுவரில் என் பலகையை வாசிக்கிறாள்:
"ஜெனிற்றா, மணபெண் அலங்காரம்.
இதில ஒரு ப் குறையுது."

பெயர் சுகிர்தினி. மூதூரில் தமிழ் ரீச்சர்.
முதல்நாளே வந்து மட்டிக்களியில் தங்கியவள்.
முகூர்த்தம் ஆறு இருபதுக்கு.
முப்பத்தாறு வயதுவரைக்கும்
முகத்தைத் தொட ஒருத்தரையும் விட்டதில்லை என்றாள்,
பல்லுப் பிடுங்க வந்தவள்போல் கதிரையில் இருந்துகொண்டு.

பஞ்சை நனைக்கிறேன்.
காய்ந்தால் பாக்கு,
தண்ணீர் குடித்தால் எலுமிச்சை.
பிழிந்து துவாயில் உருட்டுகிறேன்.
ஈரம் இருக்க வேண்டும்,
தண்ணீர் இருக்கக் கூடாது.

கண்ணுக்குக் கீழே இரண்டு பிறை,
ஓ-எல் தாள் திருத்திய இரவுகள்.
கன்னத்தில் பருக்கள் விட்டுப்போன புள்ளிகள்.
கன்சீலர் குப்பியில் நிறத்தின் பெயர் மணல்.
எந்த மணல்?
நிலாவெளி மணல் இவளுக்கு வெளிறும்,
படத்தில் பேயறைந்த மாதிரி விழும்.
புல்மோட்டையில் கறுத்துக் கிடப்பதும் மணல்தான்,
அதைக் கப்பலில் ஏற்றுவார்கள்,
குப்பியில் அடைக்கமாட்டார்கள்.
புறங்கையில் இரண்டைக் குழைத்து
இவளுடைய மணலை நானே செய்கிறேன்.

"இழுப்பீங்களோ?"
"இழுக்கிறதில்லை, ஒற்றுறது.
ஒற்றி ஒற்றி எடுத்தாத்தான் தோலோட சேரும்.
இழுத்தாக் கோடு விழும்."
சிரித்துவிட்டாள். மூடிய இமை நடுங்கிற்று.
"ஒற்று எங்க மிகும், எங்க மிகாது எண்டு
பதினொரு வருசமாக் கத்திறன், ஜெனிற்றா.
ஒருத்தருக்கும் ஏறேல்ல."

எனக்கும் ஏறியதில்லை.
தமிழுக்கு எஸ்.
பலகை சாட்சி.

பிறகு கதையில்லை.
ஜன்னலைத் திறந்தால் கச்சான் காற்று, மூடினால் வியர்வை.
பஞ்சின் சத்தம் மட்டும்,
பூனை படியேறுவதுபோல.
மூக்கோரத்துக்குப் பஞ்சின் கூர்முனை,
கண்ணோரத்துக்கு அரை அழுத்தம்,
பிறையின் கரைக்கு மோதிர விரலின் சூடு.

நான் புள்ளிகளை எடுக்கிறவள்.
அவள் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கிறவள்.

நாடியில் ஒரு வெள்ளைத் தழும்பு,
அரிசிமணி நீளம்.
பஞ்சு கிட்டப் போனதும்
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கண் திறக்கவில்லை.
"அதில ஒற்று மிகாது."

ஏன் என்று கேட்கவில்லை.
விதிக்குக் காரணம் இருக்கும்,
நான் படிக்காமல் விட்ட பக்கத்தில்.
தூங்கும் பிள்ளையைச் சுற்றிக் கூட்டுவதுபோல
அதைச் சுற்றி ஒற்றினேன்.

ஐந்தே காலுக்குக் கீழே வான் ஹோர்ன் அடித்தது.
எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள்,
மேலிருந்து கீழாக, வரி வரியாக,
திருத்த வந்த தாளைப் பார்ப்பதுபோல.
மார்க்ஸ் சொல்லவில்லை.
கூறையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினாள்.
ஒன்பதாம் படியில் நிற்கவுமில்லை.

பஸ் நிலையப் பக்கமிருந்து மூன்று மான்கள் வந்து
தெருவை மறித்து நின்றன,
மேலெல்லாம் புள்ளியோடு,
ஒருத்தரும் ஒற்றாமல்.
ட்ரைவர் லைற்றை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.
அவளுடைய அக்காதான் உள்ளேயிருந்து கத்தினாள்,
நேரம் போகுதென்று.

பஞ்சைக் கழுவிக் காயப் போட்டேன்.
ஐலைனரை எடுத்துக்கொண்டு
எட்டுப் படி இறங்கினேன்.
ண-வுக்கும் பெ-வுக்கும் நடுவே இடமில்லை.
மேலே சின்னதாக ஒரு ப எழுதிக்
கீழ்நோக்கி அம்புக்குறி போட்டேன்.
வாட்டர்ப்ரூஃப் என்றுதான் மூடியில் இருக்கிறது,
மாரி வரட்டும், பார்ப்போம்.

இரண்டு படி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.
திரும்பி வந்து
புள்ளி வைத்தேன்.