அளவுக் குறிப்பேடு

நாடா நூற்றாறு என்றது.
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான், தெரிந்தது.
இரண்டு கழித்து நூற்று நான்கு என்று எழுதினேன்.
எல்குஜாவின் முதல் பக்கம் இது.
குத்தாயிசி நாடக அரங்கின் தையலறையில்
எனக்கும் அது முதல் வாரம்.
அறுபத்தொரு வருஷமாக இரண்டு கழித்தே எழுதுகிறேன்.
அவனுக்கு இன்றுவரை சொன்னதில்லை.

என் சட்டைகளில் பதினோரு முறை செத்திருக்கிறான்.
கத்திக்கென்று இடப்பக்கம் சின்னக் கிழிசல் விட்டுத் தைப்பேன்,
உள்ளே பீட்ரூட் சாற்றுப் பை.
ஒரு தடவை வலப்பக்கம் குத்திக்கொண்டான்.
ஒரு சொட்டுகூட வரவில்லை.
ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை,
அப்படி விழுந்தான்.

அரசன், அரசனின் தம்பி, குடிகார மருத்துவன்,
ஒரு வருஷம் முழுக்கக் கழுதையின் பின்கால்கள்.
பின்கால்களுக்கும் அளவெடுத்தேன்,
குறிப்பேட்டில் இருக்கிறது.

ஊருக்கு இதெல்லாம் பொருட்டில்லை.
ஊருக்குத் தெரிந்தது நான்கு நிமிடம்:
திபிலிசியிலிருந்து படக்காரர்கள் வந்து
எங்கள் ரயில் நிலையத்தில் எடுத்த கறுப்புவெள்ளைப் படத்தில்
பயணச்சீட்டு கிழித்துக் கொடுப்பவன்.
தொப்பி எங்கள் அரங்கினுடையது.
இன்னும் திருப்பித் தரவில்லை அவர்கள்.

அதற்கப்புறம் சந்தையில் பாலாடைக்கட்டிக்காரி கேட்பாள்,
"பாத்தூமி வண்டி எத்தனை மணிக்கு?"
முடிவெட்டும் இடத்தில் கேட்பார்கள்,
கல்யாணத்தில், சாவு வீட்டில்.
முதலில் சண்டைக்குப் போனான்.
பிறகு என்ன தோன்றியதோ,
கால அட்டவணையை வசனம்போல் உருப்போட்டான்.
அட்டவணை மாறினால் மறுபடி.
ஒரு நிமிடம் தப்பாகச் சொன்னதில்லை.

மின்சாரம் போன அந்தக் குளிர்காலம்
சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு விறகோடு வந்தார்கள்.
அவன் பேசப் பேச
வசனத்தோடு வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி வரும்.
கடைசி வரிசைக்காரர்கள் சொன்னார்கள்:
காதில் விழவில்லை, ஆனால் பார்த்தோம்.

ஓர் இரவு நாடகம் முடிந்து
அரசனின் மேலங்கியோடே வீட்டுக்கு நடந்திருக்கிறான்.
கழற்றினால் குளிருமே.
நிலையத்து வாசலில் ஒருத்தி, ஒரு மூட்டை, ஒரு பிள்ளை.
"நீங்கள் சீட்டுக்காரர்தானே?
சுகுமி வண்டி எப்போது? இவன் அப்பா அதில் வருகிறார்."

ஆகஸ்டு முதல் அந்தத் தண்டவாளத்தில் எதுவும் ஓடவில்லை.
அவனுக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
"தாமதம்" என்றான்.
சொல்லிவிட்டுப் போக முடியாமல்
விடியும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

காலையில் மேலங்கி இல்லாமல் வந்து நின்றான்.
கத்தினேன். அது வெல்வெட், எட்டு மீட்டர்.
"பிள்ளைக்குப் போர்த்திவிட்டேன், மாக்வாலா" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அங்கே எனக்கு நடிக்கவே வரவில்லை."
பொருள் பதிவேட்டில் எழுதினேன்:
அரசன் மேலங்கி ஒன்று, தொலைந்தது.

இன்று வந்தான். எண்பத்துமூன்று.
தொலைக்காட்சித் தொடரில் பிணம்.
ஒரு பகுதி முழுக்க மேசையில் கிடக்க வேண்டுமாம்.
"வாழ்நாளில் இவ்வளவு சம்பளம் வாங்கியதில்லை,
மறந்துபோக வசனமும் கிடையாது."
கோட்டில் உள்பை கேட்டான்.
பிணத்துக்கு எதற்குடா பை?
"வால்நட் வைக்க. நடுவில் பசிக்கும்."

தோள் நாற்பத்துநான்கு.
பக்கவாதம் வந்த வருஷத்திலிருந்து
இடது கை ஒரு விரல்கடை இறங்கித் தொங்குகிறது,
அந்தப் பக்கம் கைநீளம் கூட்ட வேண்டும்.
நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன்.
விடாத பழக்கம், இழுத்துப் பிடித்தான்.
பாதியில் இருமலாய்ப் போனது.
பொறு என்று கை காட்டிவிட்டு
மறுபடி பிடித்தான்.

தொண்ணூற்று மூன்று.

அப்படியே எழுதினேன்.
கோட்டு கொஞ்சம் தொளதொளக்கும்.
இருக்கட்டும்.