இதன் மத்தியில்

ராயபுரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் மேசை, நான்.
கிரயம், தானம், பாகம், விடுதலை, பவர்.
எது வந்தாலும் நான்கெல்லை கேட்காமல்
டைப் அடிக்கத் தொடங்குவதில்லை.

யுலியானா வந்தது வெள்ளிக்கிழமை, ராகுகாலம்,
தெருவில் ஆளில்லாத நேரம்.
கப்பல் ஃபிட்டர் ஸ்தனிஸ்லாஸின் மனைவி.
பனைமரத்தொட்டியில் பதினோரு வருடம்.
காசிமேட்டில் சங்கராவுக்குப் பேரம் பேசிப் பேசி
வந்த தமிழ்.
"அண்ணன் பேப்பர் அனுப்பிக்கிறான் சார்.
நெலம் வாணாம்னு நான் கையெழுத்து போடணுமாம்."

எந்த ஊர் நிலம்?
ஃப்ளோரஸ்.
கொடுங்கையூர் பத்திரம் ஒன்று கணினியில் இருந்தது,
பெயரை மட்டும் மாற்றலாம் என்று திறந்தேன்.
மாவட்டம்? சொன்னாள்.
வட்டம்?
"ஆமா சார், வட்டந்தான்."

டோக்கன் சீட்டின் முதுகில் வரைந்தாள்.
சிலந்தி வலை.
நடுவில் ஒரு மரக்கழி.
கழியில் கைவைத்து ஊர்ப் பெரியவன் அளப்பானாம்:
பெரிய வீட்டுக்கு மூன்று விரல்,
கடைசித் தம்பிக்கு ஒன்று.
அங்கிருந்து கோடு நீண்டு நீண்டு
காட்டின் விளிம்பில் முடியும்.
"எங்கப்பாவுக்கு ரெண்டு வெரல் சார்.
ஓரத்துக்குப் போனா எரும திரும்பும்."

சர்வே எண் கேட்டேன், சிரித்தாள்.
சரி என்று அடித்தேன்:
கனிசியுஸ் துண்டுக்குக் கிழக்கு,
சிப்ரியானுஸ் துண்டுக்கு மேற்கு,
காட்டுக்கு வடக்கு.
நாலாவது?
"நாலாவது பக்கம் இல்ல சார்.
அங்க எல்லாரும் இருக்காங்க."

இருபத்தாறு வருடத் தொழிலில்
முதல்முறையாக ஒரு காலி இடம் விட்டேன்.

போய்ப் பார்த்து வரக் கூடாதா என்றேன், சும்மா.
மீனம்பாக்கத்திலிருந்து மூன்று விமானம்,
மலையேற ஆறு மணி நேரம் பஸ்,
பிறகு பலகை அடித்த லாரி.
பலகைக்குக் கீழே கால் கட்டிய பன்றி,
மடியில் யாருடைய பிள்ளையோ.
தார்ச்சாலையில் காயும் கிராம்பை
யாராவது ஒதுக்கும்வரை டிரைவர் பீடி பிடிப்பான்.
அப்பா செத்தபோது பாதி வழியில் மண் சரிந்திருந்தது.
சென்னை மருமகள் என்று யாரும் விடவில்லை,
மண்வெட்டி கைமாறிக் கைமாறி
அவளிடமும் வந்தது.
சாவுக்குப் போன புடவையில் செம்மண்.
அது இன்னும் போகவில்லையாம், எந்த சோப்புக்கும்.

இப்போது அந்தச் சாலை அகலமாகிறது.
எதிர்மலையில் ஏறி வலையைப் படம் எடுக்க
வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள்.
துறைமுக ஊர்க்காரன் ஒருவனுக்கு
ஒரு துண்டு வேண்டும், நீச்சல்குளத்தோடு.
அவள் கல்யாணத்தில் அப்பா கொடுத்த துண்டு.
எழுத்து இல்லை.
சாட்சிகள்: ஒரு சேவல், ஒரு குடுவை கள்.
சேவலை அன்றே சமைத்துவிட்டார்கள்.

"விடுதலப் பத்திரம்னு சொல்றியே சார்,
நல்ல வார்த்த தானே அது?"

என் தொழிலில் அதற்கு
இனிமேல் கேட்கமாட்டேன் என்று பொருள்.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் எதிரே டீக்கடையைப் பார்த்தாள்.
"அப்ப கேப்பேன்னு எழுது."

கேட்பேன் என்று எழுத
எங்களிடம் பத்திரம் கிடையாது.
முத்திரைத்தாளை உள்ளே வைத்துவிட்டு
வெள்ளைத்தாளில் மூன்று எல்லையை அச்செடுத்துக் கொடுத்தேன்.
செல்லாது என்றும் சொன்னேன்.
செல்லாததை நான்காக மடித்து
மீன்கூடைப் பணத்தோடு வைத்துக்கொண்டாள்.
ஐம்பது ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன், வாங்காமல் என்ன.

அடுத்து தண்டையார்பேட்டை அண்ணன் தம்பி.
அரை கிரவுண்டு, ஒரே மாடிப்படி.
யாருக்குப் படி என்று வாசலிலேயே கத்தல்.
உட்காருங்கள், நான்கெல்லை சொல்லுங்கள் என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
மேசை ஓரத்தில் என் இரண்டு விரல்
ஒட்டியபடி கிடந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
தெற்கை விட்டுவிட்டேன்.
மறுபடி கேட்டேன்.