கால் சுற்று

சல்மாபாத், இரண்டாவது சந்து, ஜூலை.
ஷட்டரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் பகல்.
பழைய சன்னி ஒன்றைத் தூக்கி நிறுத்தி
சம்ப்பின் போல்ட்டைக் கழற்றுகிறேன்.
கறுப்பு எண்ணெய் முதலில் கயிறாக,
பிறகு நூலாக,
பிறகு யோசித்து யோசித்து ஒரு சொட்டு.

போல்ட்டின் கழுத்தில் செப்பு வாஷர்.
போனமுறை யாரோ முறுக்கியதில் தட்டையாகி
இந்தப் போல்ட்டின் முகத்தையும்
இந்தச் சம்ப்பின் சிறு கீறலையும்
அச்சாக வாங்கிக்கொண்டது.
ஒருமுறை நசுங்கத்தான் அதற்குச் சம்பளம்.

டப்பாவில் கைவிட்டேன்.
பதினாலு இருந்தது, பதினெட்டு இருந்தது,
பன்னிரண்டு தீர்ந்துவிட்டது.
வெள்ளிக்கிழமை. ஸ்பேர் கடை நாலு மணிக்குத்தான்.
"திருப்பிப் போடு, மறுபக்கம் புதுசுதானே"
என்றார் குஞ்ஞுமோன், பில் எழுதிக்கொண்டே.
பில்லில் நாலாவது வரி: வாஷர், இருநூறு ஃபில்ஸ்.
கார்க்காரி மாரிவிக், நர்ஸ்,
இரவு டியூட்டி முடித்து நேரே வந்தவள்
மேசை விசிறிக்கு முன்னால்
நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

திருப்பிப் போட்டேன்.

புது வாஷர் பேசும்.
போல்ட் இறுகி நின்ற பிறகும்
ஒரு கால் சுற்று
செம்பு விட்டுக்கொடுக்கும்,
மணிக்கட்டுக்கு மட்டும் கேட்கும்படி.
அதன் பிறகுதான் கெட்டி.
அன்று இறுகியது, நின்றது.
ஒரு வார்த்தை இல்லை.

சூடுகாட்டிச் சிவக்கவைத்துத்
தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும்,
இரும்புக்கு நேர் எதிர்.
வெல்டிங் குல்ஜமான் எப்போதோ சொன்னது.
திங்கட்கிழமை பல் விளக்கும்போது ஞாபகம் வருகிறது.

அன்று இரவு பஸ் பிடித்து குதைபியா போனேன்.
பில்லின் நகலில் விலாசம்.
கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அருகே, சன்னி.
அட்டை விரித்து மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
தரையில் ஈரம்.
நெஞ்சு ஒருமுறை தவறியது.
விரலால் தொட்டேன்.
அதற்குள் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாகிவிட்டது:
வாட்ச்மேன், டார்ச், ஒரு பைப்.
"என்ன திருட வந்தாய்?"
"ஒன்றுமில்லை பாய், ஒழுகுகிறதா என்று பார்க்க."
"யார் கார்?"
"கஸ்டமர்."
"கூப்பிட்டாளா?"
"இல்லை."
நம்பவே முடியாத உண்மைகள்தான் என்னிடம் இருந்தன.
விரலை நீட்டினேன்.
அவர் முகர்ந்தார். நானும் முகர்ந்தேன்.
தண்ணீர்.
ஏசித் தண்ணீர்.
பைப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
பைத்தியம் என்று தன் மொழியில் சொன்னார்.
அந்தச் சொல் மட்டும் எல்லா மொழியிலும் புரியும்.

மறுநாள் பன்னிரண்டில் ஒன்று
என் காசில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
மூன்று மாதம். எத்தனையோ துவையல்.
வாஷிங் மெஷினில் கிணுகிணுவென்று சுற்றும்;
அறைக்காரர்கள், யாருடைய மோதிரம் என்று கேட்பார்கள்.

அக்டோபரில் மாரிவிக் வந்தாள்.
தூக்கி நிறுத்தி, துடைக்காமல் முதலில் பார்த்தேன்.
போல்ட்டைச் சுற்றித் தூசி, காய்ந்த தூசி.
ஒரு துளி இல்லை.
மூன்று மாதம் ஏழாயிரம் கிலோமீட்டர்
பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.
நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும்.
ஏமாந்த மாதிரி இருந்தது எனக்கு.
குஞ்ஞுமோன் எட்டிப் பார்த்து
"நான் சொல்லலியா" என்று போனார்.

பழையது சம்ப்பை விட்டு வரவில்லை.
பிளேடு கொடுத்து நெம்பினேன்.
சட்டைப்பையில் இருந்ததை எடுத்து,
சோப்பு வாசனையோடு,
போல்ட்டின் கழுத்தில் மாட்டினேன்.
பில்லில் இந்த முறையும் இருநூறு ஃபில்ஸ்.
அவள் இரண்டு முறை கொடுத்துவிட்டாள், நான் ஒருமுறை.
கணக்கு எங்கே நேராகிறது என்று தெரியவில்லை.

ஸ்பானரை நடுவில் பிடித்து முறுக்கினேன்.
இறுகியது.
இறுகிய பிறகு, மெதுவாக,
அந்தக் கால் சுற்று.