அடுத்த மார்ச்

"இனி வேண்டாம்" என்று தொடங்கக் கூடாதென்று
அஸ்தம்பட்டி சிக்னலிலேயே முடிவு செய்திருந்தேன்.
"இந்த வயசுல" என்றும்.

ஜெசிந்தா, எழுபத்தெட்டு.
ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குக் கணக்கெழுதி ஓய்ந்தவர்.
இருபது கொண்டையூசி வளைவும்
எலுமிச்சையை முகர்ந்தபடியே இறங்கி
மார்ச்சுக்கு மார்ச் வருவார்,
இரண்டு தகட்டுக்கிடையில் மார்பைக் கொடுக்க.
மஞ்சள் கோப்பில் பத்தொன்பது படங்கள்.
எல்லாவற்றுக்கும் மேலே
தங்கை ரெஜினாவின் இறப்புச் சான்றிதழ்:
வயது நாற்பத்தாறு.
அது ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை.

ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.
இனி இதில் அகப்படுவது
பெரும்பாலும் மெதுவாக நடக்கிற ஒன்று,
உங்களைத் தொந்தரவு செய்யவே
பத்து வருடம் ஆகலாம்.
ஊசியும் கத்தியும் தூங்காத இரவும் மட்டும்
இந்த வாரமே வந்துவிடும்.
போன வருடம் ஒன்றுமில்லாத ஒரு புள்ளிக்காகப்
பதினோரு நாள் சரியாகச் சாப்பிடவில்லையே நீங்கள்.
நாலு படிக்கு மூச்சு வாங்குகிறதே,
அந்த இதயத்தைப் பார்ப்போம்.

கணக்கர். விரல்கூட விடவில்லை.
"பத்து வருஷம் நான் இருக்கமாட்டேங்கிறீங்க."

வெளியே டோக்கன் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள்,
இரண்டு முறை.
இந்த இடத்துக்கு எனக்கு யாரும் வசனம் தந்ததில்லை.
"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
ரெண்டுக்கும் இந்தப் படம் உதவாது."
உதவாது.
மேசையில் அது முரட்டுத்தனமாக விழுந்து கிடந்தது.

"எடுத்தே ஆகணும்னா?"
"இன்னைக்கே எடுக்கலாம்மா. உங்க உடம்பு, உங்க முடிவு."

கோப்பை வெகுநேரம் புரட்டினார்.
"ரெஜினாவுக்கு ஒருத்தரும் பார்க்கவே இல்ல.
எனக்குப் பார்த்துப் பார்த்து..."
முடிக்கவில்லை.
அட்டையின் உட்புறத்தில்
அடுத்த மார்ச்சுக்குத் தேதி போட்டு வைத்திருந்தார்.
என் பக்கம் திருப்பினார்.
"நீங்களே அடிங்க. என் கை அடிக்காது."

அடித்தேன். ஒரே கோடு,
கீழிருக்கும் எண் தெரிகிற மாதிரி.

கதவருகில் நின்றுவிட்டார்.
"அப்ப நான் எதுக்கு மலையை விட்டு இறங்குறது?
டெஸ்ட் முடிச்சுட்டு ஒரு தட்டுவடை செட் தின்பேன்.
அவளுக்கு அது உசிரு."

இதயத்தைக் காட்ட வாங்க என்று சொல்லியிருக்கலாம்.
"எந்தக் கடை?" என்றேன்.

"முதல் அக்ரகாரத்துல ஒரு தள்ளுவண்டி.
காரச் சட்னின்னு கேட்டு வாங்கணும் டாக்டர்,
வயசானவங்கன்னா
பச்சையை மட்டும் தடவிக் குடுத்துருவான்."