எழுபத்திரண்டில் ஒன்று

கூரியர்ப் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான்.
"கனமா இருக்கே, என்னது?"
அவுட்போர்டு சாமான் என்றேன்.
குளச்சலில் என்ஜின் மெக்கானிக் சொன்னால்
யாரும் நம்பிவிடுகிற பொய்.

உள்ளே தெர்மோகோல் மெத்தையில்
கடற்படை உளவு விமானம்.
சக்கரம் கிடையாது. வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய மிதவை,
இறக்கை முனைகளில் கம்மல் மாதிரி இரண்டு சின்னது.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு பேனா நீளம்.
மீன்கொத்தி என்று பெயர் வைத்திருந்தார்களாம் போரில்.
குண்டு போடுவது இதற்குப் பெரிய வேலையில்லை,
பார்ப்பதுதான்.
பார்த்ததைக் கப்பலுக்குச் சொல்வது,
சில நேரம் விழுந்தவன் பக்கத்தில் இறங்கி
இறக்கைமேல் ஏற்றிக்கொள்வது.

மெர்சிட்டா அதை வாளித் தண்ணீரில் விட்டாள்.
நேராக அடியில் போய் உட்கார்ந்தது.
துத்தநாக வார்ப்பு, பின்னே என்ன செய்யும்.
"மிதவையாம்" என்று எடுத்துத் துடைத்து
அலமாரியில் வைத்தாள்.
முன்னால் வந்த ஐந்தும் அங்கே நிற்கின்றன,
ஜப்பான்காரனுடையதும் ஜெர்மன்காரனுடையதும் ஒரே தட்டில்.
ஆறாயிரத்து நானூறை
அறுநூற்று நாற்பது என்று சொல்லியிருந்தேன்.
விழுந்த பூஜ்யத்தை அவள் தேடவில்லை.

எழுபத்திரண்டில் ஒன்று என்கிறது பெட்டி.
பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
இருபதடி அலை ஒரு டம்ளர் உயரம்.
ஐந்தரை அடி ஆள் இரண்டேகால் சென்டிமீட்டர், சொச்சம்.
அறுபது கடல்மைல் ஒன்றரைக் கிலோமீட்டர்,
அதாவது எங்கள் வீட்டிலிருந்து ஐஸ் பிளான்ட்.
நடந்தே போய்விடலாம்.
ஆயிரம் அடி உயரம் பதினாலு அடி,
எங்கள் மொட்டைமாடி.
தண்ணீருக்கு மேலே தலை மட்டும் என்றால்
ஒரு மிளகு, அதிலும் சின்னது.

அறுபது மைலில்தான் என்று
கார்த்திகைக் காற்றில் தப்பி வந்த இருவர் சொன்னார்கள்.
மெர்சிட்டாவின் தம்பி கிளைமன்ஸ்
வெறும் டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தானாம்.
நாலாம் நாள் மேலே ஒரு சத்தம் போனதாம்.
எல்லாரும் கை காட்டினார்களாம்.
அவனும் காட்டினானாம், கேனை விட்டுவிட்டு.
"மேலேருந்து பாத்தா தெரியுமா?"
ஒரே ஒரு தடவை கேட்டாள்,
சாளைக்குச் செதிள் எடுத்துக்கொண்டே.
அந்த மாதம்தான் நான் முதல் விமானம் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து
முற்றத்தில் நீலத் தார்ப்பாயை விரித்தேன்.
அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்து
அவள் கையில் கொடுத்தேன்.
எங்கேயாவது போடு, நான் மேலே போகிறேன்.
மீன்கொத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன்,
எதற்கென்று கேட்காதீர்கள்.
பின்சீட்டில் ஒருத்தன் இருக்கிறான்.
முகமென்று பழுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு,
கண் வைக்கவில்லை.

போட்டுவிட்டேன் என்றாள்.
நான் சொல்லாமலே தார்ப்பாயின் நுனியைப் பிடித்து
உதற ஆரம்பித்தாள்.
தென்னம்பூ இரண்டு, ஓட்டை ஒன்று,
தையல் முடிச்சு, எறும்பு,
மடிப்பின் நிழல், நிழலின் மடிப்பு.
வெயில் நீலத்தில் பட்டுத் திரும்பி
கண்ணுக்குள் குத்தியது.
பதினோரு நிமிடம்.
கீழேயிருந்து, உதறுவதை நிறுத்தாமல்,
"கண்டியளா?"

கண்டேன் என்றேன்.
கிணற்றுப் பக்கம், மூணாவது மடிப்பு.
நல்லாத் தெரியுது.

நான் விரல் நீட்டிய இடத்தையே
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு இடது கையைத் திறந்தாள்.
வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது மிளகு.

திட்டவில்லை. உள்ளே போய்
அதைத் திரும்பவும் அஞ்சறைப்பெட்டியில் போட்டாள்.
தார்ப்பாயை மடித்துவிட்டு வந்து
நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

எது என்று தெரியவில்லை.