ரசீதில் இல்லாதது

தேர்தல் அறிவித்த மூன்றாம் நாள்
சாயல்குடி காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன்.
'வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல், ஒன்று'
எழுதிக் கையெழுத்து வாங்கினார் ஏட்டு பூமிநாதன்.
துடைக்கும் கம்பியை எழுதவில்லை.
"இது ஆயுதம் இல்லையேம்மா, வீட்டுக்குக் கொண்டு போங்க."

மூக்கையூர்ப் பேருந்தில் என் மடிமேல்
நாலேகால் அடிப் பித்தளை.
திரைச்சீலை மாட்டவா என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
ஆமாம் என்றேன்.
நடத்துநர் சுமைச்சீட்டு கிழிக்க யோசித்தார்,
கிழிக்கவில்லை.

இதற்கு முன் மூன்று இருந்தன.
துப்பாக்கியோடு வந்த மரக்குச்சி
குழலுக்கு அடியில் செருகியே கிடக்கும்.
அது குண்டை இறக்க.
அதையே போட்டுத் துடைத்தார் என் வீட்டுக்காரர்.
ஓர் ஐப்பசியில் பாதிவழியில் ஒடிந்து,
ஒடிந்த இடம் ஈட்டியாகி,
உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் எட்டிப் பார்த்தது.
அந்தத் தழும்போடுதான் அவரைப் புதைத்தோம்,
வேறு காரணத்துக்கு, வேறு வருடம்.

பிறகு இரும்பு.
நேராக நின்றது; வளைந்துகொடுக்கத் தெரியாது.
இந்தத் துப்பாக்கிக்குப் பின்வாசல் கிடையாது,
போவதும் வருவதும் வாய் வழியே.
போகும்போதும் வரும்போதும் உதட்டை அராவும் இரும்பு.
விளிம்பில் முறுக்கு வரி தேய்ந்தால்
எங்கே போகிறோம் என்று குண்டுக்கே தெரியாது.
கடலைக்காட்டில் பன்றி இறங்கினால்
நான் வானத்தைத்தான் சுடுகிறேன்.
இருந்தாலும்
வானம் இருக்கிற பக்கம் போகவேண்டும் அல்லவா.

மூன்றாவது கண்ணாடியிழை, தூண்டில் கம்புக்கு வருவது.
லேசு. உடையாது.
ஆனால் எங்கள் ஊர் மணலைத்
தன் தோலில் பதித்துக்கொண்டது.
பிறகு அது கம்பி இல்லை,
நாலடி நீள உப்புத்தாள்.

பித்தளையும் புண்ணியவான் இல்லை.
ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்கச் சொல்லும்.
துடைக்கிறேன்.

பத்தாம் நாள் சோளகம் எழுந்தது.
சன்னல் ஆணிகள் ஒரே இரவில் சிவந்தன.
கம்பியும் ஒரு பொட்டலம் துணியுமாக
மறுபடி பேருந்து.

"கையில தர முடியாதும்மா, சட்டம்."
"தர வேணாம். நீங்க பிடிங்க,
நான் கம்பியை மட்டும் பிடிக்கிறேன்."
அவர் உத்தரவுத் தாளை இரண்டு முறை படித்தார்.
அதில் கம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சங்கிலி விட்ட தூரம் குழல் சாய்ந்தது.
வாயில் சிரட்டை வில்லையைப் பொருத்தினேன்,
நடுவில் துளை, கம்பி விலகாமல் போக.
நுனியில் வெள்ளைத் துணி.
மெல்லத் தள்ளி, அடி தட்டி, இழுத்தேன்.

கருப்பட்டி நிறத்தில் வந்தது.
ஏட்டு குனிந்து பார்த்தார்.
"பத்து நாள்லயா?"
அடுத்தது தேநீர்.
அடுத்தது வெறும் எண்ணெய்.
ஏழாவது துணியை அவரே முனையில் சுற்றித் தந்தார்,
கொஞ்சம் தடிமனாக.
தடிமனான துணி உள்ளே சிக்கும்,
எடுக்கச் சுருள்முனை வேண்டும் என்று சொல்லாமல்
பிரித்து மறுபடி சுற்றினேன்.

"இன்னும் எட்டு இருக்கு" என்றார்.
சங்கிலியில் எட்டு வாய்கள், அண்ணாந்து,
சன்னல் வழி வருகிற உப்பைக் குடித்தபடி.
கடைசிக் குழலின் சீட்டில் இருந்த பெயருக்குப்
போன மாசியில்தான் நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"அளவு வேற. என் முனை நுழையாது."
இரண்டுக்கு நுழையாது.
ஆறுக்கு நுழையும்.
"ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகணும்."
அது மட்டும் நிஜம்.

வீட்டுச் சுவரில் மூன்று ஆணி.
சாய்த்து வைத்தால் பித்தளை
தன் எடைக்கே வளைந்துபோகும்.
துடைத்துப் படுக்கவைத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு எழுந்து
டப்பாவைத் திறந்து
அடுத்த செவ்வாய்ப் பையில் போட்டேன்
அகலமான முனை ஒன்று,
சின்னது ஒன்று,
சுருள் ஒன்று,
பழைய வேட்டி, முழுசாக.